ஐந்நூறு வாட் வாய்

அமெரிக்காவின் வயோமிங்கில், எண்பதாம் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில், ஓட்டுநர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவை இருபது வருஷமாக மாட்டிக் கொடுக்கிறேன். என்னிடம் வரும் ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வண்டி எடுத்தவர்கள். டால்க்விஸ்ட் அந்தக் கூட்டத்துக்கே தலைவன். ரேடியோவில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘இடிமுழக்கம்’.

புது லாரி. பக்கக் கண்ணாடிக்கு ஒன்றாக இரண்டு ஆன்டெனா. அதில் ஒன்றுக்குக் கம்பியே கிடையாது, வெறும் அழகுக்காம்.

“பெர்டாக்கா, ஐந்நூறு வாட் பெருக்கி ஒண்ணு மாட்டு. நான் வாயத் தெறந்தா பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவே அதிரணும்.”

“சட்டப்படி நாலு வாட்டுக்கு மேல கூடாதுடா.”

“போலீஸா நீ?”

“சரி, வாட்ட விடு. உன் கேபின் முழுக்க ஃபைபர். ஆன்டெனாவுக்கு எர்த்தே இல்ல. ஒரு செம்புப் பட்டை போட்டு வண்டியோட இரும்புல சேர்க்கணும். இல்லேன்னா உனக்கு வெறும் இரைச்சல்தான் கேக்கும்.”

“கேக்குறதுக்கா வாங்குறேன்? நாலு வாட்ல முனகிக்கிட்டு போறானே உன் வீட்டுக்காரன், அவன் கேக்கட்டும்.” சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

பட்டையை அளந்து வெட்டி கையில்தான் வைத்திருந்தேன். அரை மணி வேலை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கெல்லாம் காது ஒரு கேடா என்று பட்டையை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பெருக்கியை மட்டும் மாட்டி அனுப்பினேன். இரைச்சல் தாங்காமல், அதை அடக்கும் குமிழை முழுக்கத் திருகுவான், அதோடு அடுத்தவன் குரலும் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் காலை காற்று பனியைத் தரையோடு அள்ளி வீசியது. என் வீட்டுக்காரர் ஆர்வல் தன் லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பியிருந்தார். அரை மணி கழித்து டால்க்விஸ்டும் அதே பக்கம் போனான். பத்து மணிக்குக் கடை ரேடியோவில் ஆர்வலின் குரல் வந்தது.

“கிழக்க வர்றவங்க எல்லாம் நில்லுங்கப்பா. லாரி நிறுத்தத்துலேருந்து எட்டு மைல்ல ரோடு அடைச்சிருக்கு. கடைசி வண்டி என்னோடது. பனியில கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.”

அந்த நாலு வாட்டைக் கேட்டு வரிசையாக எல்லோரும் பிரேக் போட்டார்கள். அவர்களைத் தாண்டி ஒருவன் மட்டும் போனான்.

“இடிமுழக்கம் பேசுறேன்! என் குரல் எப்படி இருக்கு? என்ன, ஒரு பயலும் பதில் பேச மாட்டேங்குறீங்க?”

அவன் பேசும்போது வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் மூச்சு விட்ட இடைவெளியில் நான் கத்தினேன், “டால்க்விஸ்ட், நில்லுடா!” அவன் வானிலையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

“ஆர்வல், எறங்கி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடு!”

“இன்னும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன் பெர்டா. பாவம், அவனும் சாவான்.”

அந்த ஒரு தடவையில் டால்க்விஸ்டின் லாரி வந்து மோதி, ஆர்வலின் இடது கால் முழங்காலோடு போயிற்று. டால்க்விஸ்டுக்குக் கையில் மட்டும் எலும்பு முறிவு.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தான். ஆர்வல் சக்கர நாற்காலியில் இருந்தார். அவன் முகத்தில் அந்தத் திமிர் இல்லை. “அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் கேக்கல. யாராவது கூப்பிட்டீங்களா?”

“கடைசி வரைக்கும் கூப்பிட்டேன். உனக்குக் காது இருந்தாத்தானே!” என்றார் ஆர்வல்.

அவன் அழுதான். அழட்டும் என்று இருந்திருக்கலாம். முடியவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்தச் செம்புப் பட்டையை எடுத்து ஆர்வலின் மடியில் வைத்தேன்.

“அவன் காது இதுதான். வேணும்னுதான் மாட்டாம விட்டேன்.”

ஆர்வல் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைக்கு வருகிற மடையர்களை இருபது வருஷமாக நான் பார்க்கிற அதே பார்வை. எதிரே நின்றால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.