பிறகு பேசுவோம்

...மூன்றே வழிகள், மூன்றில் எது பிடிக்கிறதோ அதில் பச்சைப் பொட்டை ஒட்டுங்கள், இந்த நிலையம் போனபின் இங்கே வர வேண்டியது வண்டி நிறுத்துமிடமா, கடை வளாகமா, உடற்பயிற்சிக் கூடமா, எவ்வளவு தாராள மனசு, மூடலாமா கூடாதா என்ற கேள்வி மட்டும் எந்த அட்டையிலும் இல்லை, எப்படி இருக்கும், அட்டைகளை எழுதியவளே அவள்தானே... கூட்டம் கலைந்துவிட்டது, முதியோர் பகல் நிலையத்தின் கூடத்தில் பிஸ்கட் தூளும் பாதி குடித்த தேநீர்க் கோப்பைகளும்தான் மிச்சம், சுவரிலிருந்து அட்டைகளை உரிக்க உரிக்க மார்க்கர் பேனாவின் நெடி மூக்கில் ஏறியது. இந்த நிலையத்தை மூடுவதென்று நகராட்சி எப்போதோ முடிவு கட்டிவிட்டது, மக்களையும் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆலோசகர் வேண்டும், அதற்கு இவள். கருத்துக் கேட்கிறாளாம் கருத்து, சமைத்து இறக்கிவிட்டு என்ன சமைக்கட்டும் என்று கேட்கிற மாதிரி. நகராட்சி அதிகாரி வாய் நிறைய பிஸ்கட்டோடு வந்து, "பிரமாதம் மேடம், ஒரு சத்தம் கூட இல்ல, போன தடவை நாற்காலியே பறந்துச்சு" என்றார், பிஸ்கட் துணுக்கு ஒன்று அவள் கையில் வந்து விழுந்தது, சீ, அதைவிட அருவருப்பு என்னவென்றால், அந்தப் பாராட்டு ஒரு கணம் அவளுக்கு இனித்தது.

அக்கா வருவாளென்று யார் கண்டது? கூட்டத்தின் நடுவே கடைசி வரிசையில் இருந்து எழுந்தாள், வேலைக்குப் போகும் அதே கைப்பையோடு, "எங்க அம்மா பகல்ல இங்கதான் இருக்காங்க, அந்த நேரத்துலதான் நான் வேலைக்குப் போறேன், இதை மூடிட்டா அவங்களை எங்க விடறது?" என்று கேட்டாள், எங்க அம்மா என்றாள், உங்க அம்மாவும்தான் என்று சபையில் போட்டு உடைக்கவில்லை, இவளை நோக்கிக் கையும் நீட்டவில்லை, அந்தப் பெருந்தன்மைதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. இவள் என்ன செய்தாள்? தலையை லேசாகச் சாய்த்தாள், இரண்டு முறை ஆட்டினாள், "நல்ல கேள்விங்க" என்றாள், ங்க, கூடப்பிறந்தவளுக்கு ங்க, பிறகு கேள்வியை மஞ்சள் தாளில் எழுதிக் கதவோரம் தொங்கும் 'பிறகு பேசுவோம்' பலகையில் ஒட்டினாள். தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற வித்தை அது, எதிர்த்துப் பேசாதே, மறுக்காதே, தலையாட்டு, எழுதி ஒட்டு, ஒட்டியதும் கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். அக்காவும் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பலகையிலிருந்து எதையாவது யாராவது பிறகு பேசியிருக்கிறார்களா? இவள் பார்த்த கூட்டம் எதிலும் இல்லை, சுருட்டிக் குப்பையில் போடுவதோடு சரி. இன்றைக்குச் சுருட்ட மனசு வரவில்லை, அந்த ஒரு தாளை மட்டும் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள், பெரிய தியாகம்தான் போ என்று தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

வெளியே இவளுடைய காரில் சாய்ந்தபடி அக்கா நின்றிருந்தாள். திட்டுவாள் என்று இவள் நினைத்தாள், திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும், சண்டை போட்டு அழுதுவிட்டுப் போய்விடலாம், ஆனால் அக்காவின் குரல் களைத்துப்போய் இருந்தது. "மூடத்தான் போறாங்கன்னு எனக்கும் தெரியும்டி, அதை விடு, அம்மாவை மாசத்துல பாதி நாள் நீ வச்சுக்குவியா?" இந்தக் கேள்வி புதிதா என்ன, போனில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், போன மாதம் கேட்டாள், அதற்கு முன்னால் அம்மா குளியலறையில் விழுந்த அன்றும் கேட்டாள், நீ சொல்றது புரியுதுக்கா, அப்புறம் பேசலாம்க்கா, ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான், சம்பளம் வாங்கிக்கொண்டு ஊராரிடம் பேசுகிற அதே குரலில்... அப்படியென்றால் எது எங்கிருந்து வந்தது, வேலை வீட்டுக்கு வந்ததா, வீட்டில் இருந்ததைத்தான் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாளா? அக்கா பதிலுக்குக் காத்திருந்தாள். சரி என்று சொல்ல வேண்டும், இல்லை முடியாது என்றாவது சொல்லித் தொலைக்க வேண்டும், இரண்டில் ஒன்றுக்கு வாயைத் திறந்தாள், அதற்குள் தலை தானாக லேசாகச் சாய்ந்து ஆட ஆரம்பித்திருந்தது.