கெடா முழுக்கக் கேட்ட மேளம்

ஷாங்காயில் குண்டு விழுந்தபோது பசுபதி கேமராவைக் கீழே வைக்கவில்லை. அபிசீனியாவில் கால் முறிந்து கிடந்தபோதும் படுத்தபடியே படம் பிடித்தவன். எங்கே சண்டையோ அங்கே வெள்ளைக்காரச் செய்திப்படக் கம்பெனி அவனை அனுப்பும். அவனும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கிளம்பிவிடுவான். ஆனால் கொட்டகையில் அந்தப் படங்களைப் பார்த்த ஜனங்கள் உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்து வந்த பாட்டுப் படத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனார்கள். தன் படத்தால் ஓர் உயிராவது பிழைத்ததா என்ற கேள்வி அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

மலாயாச் சண்டையைப் படமெடுக்க வந்தவன், சிங்கப்பூர் விழுந்ததும் தப்பி வடக்கே வந்து, சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அக்கா அம்சவள்ளி வீட்டில் ஒளிந்தான். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நாக்கு செத்ததுதான் மிச்சம். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான். ஜப்பான்காரர்கள் அவனைக் கெடா மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு அள்ளிப் போய், கையில் ஒரு பேசும்பட கேமராவைத் திணித்தார்கள்.

வேலை சுலபம் என்றார் அதிகாரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். தோட்டத்து ஜனங்கள் கொடி ஆட்டி, மேளம் அடித்து, சிரித்தபடி லாரியில் ஏறுவதைப் படமாக்க வேண்டும். அதைத் தோட்டம் தோட்டமாகப் போட்டுக் காட்டினால் ஆள் தானாக வருமாம். முதலில் எடுக்க அவர் பொறுக்கிய தோட்டம், வேறெங்கே, அம்சவள்ளியின் தோட்டம்தான்.

அவள் புருஷன் அழகப்பன் முதல் லாரியில் சயாம் போனவன். கூடப் போன பக்கிரிசாமி மட்டும் எலும்பும் தோலுமாகத் தப்பி வந்து, ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். அழகப்பன் வாந்திபேதியில் செத்ததையும், உயிர் போகுமுன்பே ஆட்களைக் குழியில் தள்ளுவதையும் அவன்தான் சொன்னான். வாய்விட்டு அழுதால் செய்தி எப்படி வந்தது என்று கேள்வி வரும். பக்கிரிசாமி தலை உருளும். அதனால் அம்சவள்ளி அழவில்லை. தாலியும் பொட்டுமாகப் பால் வெட்டப் போனாள். படமெடுக்கத் தோட்டத்துக்கு வந்த பசுபதி அன்றிரவு அவளைப் பார்க்கப் போனான்.

"நான் எடுக்கப் போறதில்லக்கா. என்ன வேணா பண்ணட்டும்," என்றான்.

"உன் தலையை எடுத்துட்டு வேற ஒருத்தன வச்சு எடுப்பான், தம்பி. நம்ம பையனுங்க லாரில ஏறத்தான் போறானுங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "படத்துல மேளம் கேக்குமா?"

"நல்லா கேக்கும்."

"அப்ப தப்பு அடிக்க முனியாண்டியக் கூப்பிடு. என் வீட்டுக்காரருக்கு அடிக்காத மேளம் இன்னும் பாக்கி இருக்கு."

மறுநாள் காலை, முனியாண்டி தீயில் தப்பைக் காய்ச்சித் தோளில் மாட்டினான். கொடிகள் ஆடின. பல்லைக் காட்டச் சொன்ன இடத்தில் எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். முதல் அடி விழுந்தது. பிணத்துக்கு முன்னால் போகும் அடி. பிறந்த குழந்தையைத் தவிர அங்கே அதை அறியாத தமிழர் கிடையாது. சிரித்த முகங்கள் ஒரு கணம் செத்தன. அம்சவள்ளி இன்னும் பலமாகச் சிரித்தாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அதிகாரி தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராமையாவிடம் திரும்பி, இது என்ன மேளம் என்று மலாயில் கேட்டார். ராமையாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேமராவுக்குப் பின்னால் பசுபதி நிறுத்தாமல் படத்தை ஓட்டினான்.

"திருவிழா மேளம் துவான். ரொம்ப விசேஷம்," என்றார் ராமையா.

அதிகாரிக்குப் பரம திருப்தி. இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். முனியாண்டி மனசார அடித்தான். லாரி கிளம்பியதும் ராமையா பசுபதியிடம் வந்து, "என் தலையையும் சேத்து வச்சு விளையாடிட்டியே லா, தம்பி," என்று முணுமுணுத்தார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

படத்தைக் காட்டப் போன முதல் தோட்டத்தில் புகைக்கொட்டகையின் ஜன்னல்களை அடைத்து, பட்டப்பகலில் போட்டார்கள். மேளம் தொடங்கியதும் ஒருவரும் அசையவில்லை. படம் முடிந்தது. எல்லாரும் நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போய், துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், இழவு வீட்டிலிருந்து திரும்பியவர்களாக. படம் பார்த்ததும் குளிக்கிறார்களே, எவ்வளவு சுத்தமான ஜனங்கள் என்று அதிகாரி மெச்சினார். பசுபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆள் ஏற்ற லாரி வந்தபோது அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் கிழவர்களும் நாய்களும்தான் இருந்தார்கள். வாலிபர்கள் பெண்டாங் வயல்களிலும், யான் ஊர்ப் பக்கம் மலை அடிவாரத்திலும், மலாய்க்காரர் வீடுகளிலும் கரைந்துவிட்டார்கள். ஜனங்களுக்கு உற்சாகம் போதவில்லை என்று முடிவு கட்டிய அதிகாரி, படத்தைக் கெடாவின் எல்லாத் தோட்டத்திலும் போடச் சொல்லி உத்தரவு போட்டார். போடப் போட லாரிகள் காலியாகத் திரும்பின. பசுபதிக்குக் கேமராவைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் படம் அக்காவின் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. அம்சவள்ளி முன்வரிசையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு எல்லாருடனும் குழாய்க்குப் போனாள். தண்ணீர் வழிந்து பொட்டு கரைந்தது. அவள் அதைத் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அழுதாலும் படம் பார்த்து உருகுகிறாள் என்றுதான் அதிகாரி நினைப்பார். பட்டப்பகலில், எல்லார் முன்னாலும், வாய்விட்டு அழுதாள்.

ஈரத்தலையோடு தம்பியிடம் வந்தாள்.

"ராசாவுக்குக்கூட ஒரு ஊருலதான்டா மேளம் அடிப்பாங்க," என்றாள். "என் வீட்டுக்காரருக்கு நீ கெடா முழுக்க அடிச்சிட்ட."