மெல்ல முடியாத காணிக்கை

ஞாயிற்றுக்கிழமையின் முதல் வெட்டு ஆண்டவருக்கே என்பது மூத்தவனுடைய கசாப்புக் கடையில் மாறாத வழக்கம். உரித்த ஆடுகளில் கொழுத்ததைத் தேர்ந்து, பின்னந்தொடையைச் சிதையாமல் எடுத்து, கத்தி நுனியால் சிலுவைக் குறியிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றித் தம்பியிடம் நீட்டுவான். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் அதைச் சேர்ப்பது தம்பியின் பொறுப்பு. அதன்பின் பூசைக்குப் புறப்படும் அண்ணனின் நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தே இருக்கும்.

அன்று ஜெபமாலையை மறந்து பாதி வழியில் திரும்பியவன், சிலுவைக் குறியிட்ட அதே தொடையைத் தம்பி ஒரு தையல்காரருக்கு வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான்.

"டேய், சாமிக்கு வச்சதையே விக்கிறியா? எத்தனை நாளா?"

"ஆறு மாசமாண்ணே. கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு..."

கேட்க அவனுக்குக் காது இல்லை. முதல் குத்தில் தம்பியின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் அவன் சுவரில் மோதிச் சரிந்தான். "திருட்டு நாயே!" என்று தெருவே கேட்கக் கத்தியபடி, மூத்தவன் வெட்டுக்கத்தியின் முதுகுப்புறத்தை ஓங்கி இறக்கினான். தடுக்க உயர்ந்த வலது மணிக்கட்டு முறிந்தது. நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓசைதான். ஆனால் அது ஆட்டெலும்பு அல்ல. தையல்காரர் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்திராவிட்டால் அடுத்த வெட்டு கூர்ப்பக்கமாகவே விழுந்திருக்கும். அவரே தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

மூத்தவன் மிச்சத் தொடையைக் கீழே கிடந்த வெள்ளைத் துணியில் சுருட்டிக்கொண்டு இல்லத்துக்கு நடந்தான். சமையற்கட்டில் இருந்த கன்னியாஸ்திரீ துணியைப் பிரித்து முகம் சுளித்தார்.

"தம்பி வரலையா? ஈரல் எங்கண்ணே?"

"இது முதல் தரமான தொடை, சிஸ்டர்."

"தரத்துக்கென்ன குறைச்சல்? பல்லுக்குத்தான் குறைச்சல். இங்க முப்பது பேருக்கும் சேர்த்து முப்பது பல் தேறாது. முன்னெல்லாம் மென்னு மென்னு துப்புவாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் தம்பி தொடையை வச்சுக்கிட்டு, அதே எடைக்கு ஈரலைப் பொடிசா நறுக்கிக் கொண்டு வர்றார். அண்ணன் மனசு ஒடிஞ்சிடும், சொல்லாதீங்கன்னு கெஞ்சினார். ஆமா, துணியெல்லாம் ஏன் இவ்வளவு ரத்தம்?"

"அது ஆட்டு ரத்தமில்ல சிஸ்டர்" என்றவனின் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

மாவுக்கட்டுடன் தம்பி திரும்பியபோது கடைவாசலில் ஆட்கள் கூடியிருந்தனர். மூத்தவன் அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் காலடியில் மண்டியிட்டான்.

"இவன் திருடனில்ல. நான்தான் கண்ணிருந்தும் குருடன். என்னை மன்னிச்சிடுடா."

தம்பி வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

மூத்தவன் எழுந்து, கத்தியைக் கழுவி, ஆடுகளில் சிறந்ததன் ஈரலைக் கட்டையில் வைத்தான்.

"எவ்வளவு பொடிசா வெட்டணும்? உன் கை கூடுற வரைக்கும் நானே கொண்டு போறேன்."

"உன் கோபத்தளவு வேணாம்ணே. பட்டாணியளவு போதும்."

மூத்தவன் குனிந்து நறுக்கத் தொடங்கினான். தம்பி இடக்கையால் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்து, திரும்பக் கட்டையில் போட்டான்.

"இன்னும் பொடிசா."