வெறும் வயிறு

ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுத்து நோட்டில் குறிக்கும் தையல் மாஸ்டர், தன் இடுப்பளவை மட்டும் எங்கும் எழுதி வைத்ததில்லை. நூற்று நாற்பது கிலோ உடம்பு. மனைவி போன பிறகு பேச்சுத் துணைக்குத் தையல் மெஷின்தான். துணி வெட்டக் குனிந்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறி நெஞ்சைச் சுடும். மல்லாந்து படுத்து இரண்டு வருடமாகிறது. மகளிடம் மூச்சு விடவில்லை.

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது, துணைக்கு ஆளில்லாமல் வரக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியின்றி மருமகனை அழைத்துப் போனார். நர்ஸ் கொடுத்த தாளில் சர்க்கரை உண்டா என்று கேட்டிருந்தது. மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் 'இல்லை' என்று எழுதினார்.

பதினாலு வருடமாக மாத்திரை விழுங்குகிறவர். ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது, எங்கள் வம்சத்தில் நோய்நொடி கிடையாது என்று நாலு பேர் நடுவில் நிமிர்ந்து சொன்ன வாய் அது. அவருடைய அப்பாவுக்குக் கால் போனதே சர்க்கரையால்தான். விபத்து என்று சொல்லி அதையும் மூடியிருந்தார்கள். மானத்தோடு பிழைத்த வீடு, அப்படித்தான் செய்யும்.

உள்ளே போன குழாய் போன வேகத்தில் வெளியே வந்தது. வயிற்றில் சாப்பாடு அப்படியே கிடந்ததாம். நர்ஸ் மாஸ்டரை வெளியே கூட்டி வந்து மருமகனிடமே சொன்னாள்.

"ராத்திரி நல்லா சாப்பிட்டுட்டு பட்டினின்னு பொய் சொல்லியிருக்கார். மேல ஏறி மூச்சுக்குழாய்ல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

மருமகன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. "விடுங்க மாமா. வாயைக் கட்ட எல்லாராலயுமா முடியும்?"

முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அரை வயிறு சாப்பிட்டதுதான். அதன்பிறகு பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. குண்டன் என்று ஊர் சொன்னதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. தீனிக்காகப் பொய் சொன்னவன் என்பதை மட்டும் விழுங்க முடியவில்லை. மருமகனையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார்.

"நான் சாப்பிடல டாக்டர். பொய் சொன்னது வேற இடத்துல. எனக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை. எங்கப்பாவுக்கும் அதுதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாள்பட்ட சர்க்கரை வயிற்றை மந்தமாக்கிவிடும், நேற்றுச் சாப்பிட்டது இன்றும் இறங்காது, அதோடு தொப்பையின் பாரமும் அழுத்த, அமிலம் மேலேதான் ஏறும் என்று விளக்கினார். முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாள் நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு வரச் சொல்லியிருப்பாராம். வேறு தேதி குறித்தார்.

மருமகன் காரில் திரும்பக் கொண்டுவந்து விட்டான். வீட்டு வாசலில் மருமகன் இறங்கவில்லை.

"அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா."

கார் போன பிறகு, வீட்டு முகப்பில் அன்று திறக்காத தையல் கடையின் வாசலில் நின்றபடியே மகளை அழைத்தார். எடுத்ததும் அவள் எப்போதும்போலக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"



"இல்லம்மா," என்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."