நின்ற மோட்டாரின் வேகம்

டெஸ்டிங் மேசையின் திரை, மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று என்று காட்டியது. கண்ணிமைப்பதற்குள் இரண்டாயிரத்துக்கு எகிறி, மறுபடி இறங்கியது.

"வைண்டிங் சரியில்ல. பிரிச்சுடுங்க," என்றார் சூப்பர்வைசர். கண்ணால் பார்ப்பதைவிட மீட்டர் முள் சொல்வதை நம்புகிறவர் என்பதால் பட்டறையில் அவருக்கு 'முள்ளு' என்று பெயர்.

அந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றியவள், டெஸ்டிங் செய்துகொண்டிருந்தவளின் நாத்தனார். மூன்று நாள் உழைப்பு. சுவரோரம் நின்ற நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. இருவருக்கும் மூன்று வாரமாகப் பேச்சில்லை. நாத்தனார் மகனின் படிப்பைப் பற்றி அண்ணிக்காரி வாய்தவறி விட்ட ஒரு வார்த்தைதான் காரணம்.

அண்ணி சரி என்று தலையாட்டியிருந்தால் டெஸ்டிங் வேலை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காது ஒப்பவில்லை. வேகம் நிஜமாகவே எகிறினால் சத்தமும் மாற வேண்டாமா? மோட்டாரோ ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரிக்க வேணாம் சார். மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"அதுக்கப்புறம் உங்க சொந்தக்காரங்கன்னு பாக்க மாட்டேன்."

"நானும் அதைப் பாக்கல சார்."

மோட்டார் தண்டின் முனையில் அறுபது பல் கொண்ட வட்டு இருந்தது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். கம்ப்யூட்டரோடு இணைத்த கவுண்டர் பெட்டி அதை எண்ணி வேகத்தைச் சொல்லும். முதலில் பெட்டியைச் சந்தேகப்பட்டு வேறொன்றை மாட்டினாள். ஒரு மணி நேரம் வீண், அதே கூத்து.

பிறகு மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி, வட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, கையாலேயே பத்துச் சுற்று சுற்றினாள். பெட்டியில் எண்ணிக்கை அறுநூறு. இன்னொரு முறையும் அறுநூறு. வட்டின் மேலும் சென்சாரின் மேலும் குற்றமில்லை.

இப்போது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை ஆன் செய்து, வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தாள். தண்டு அசையவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறியது: நாற்பது, தொண்ணூறு, நூற்றைம்பது.

"நிக்கிற மோட்டாருக்கு எங்கேருந்து வேகம் வருது?" என்றாள் உரக்க.

சென்சார் வயரை விரலால் தொட்டுக்கொண்டே மேசைக்குப் பின்னால் போனாள். அங்கே மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளோடு அந்த மெல்லிய வயரும் சேர்ந்து, அழகாக எட்டு இடத்தில் கட்டப்பட்டிருந்தது. தடித்த கேபிளின் மின் இரைச்சல் மெல்லிய வயருக்குத் தாவ, பெட்டி அதையும் பல்லின் துடிப்பென்று எண்ணியிருக்கிறது. போன வாரம் மேசை அலங்கோலமாக இருக்கிறதே என்று அப்படிக் கட்டியவள் அவளேதான்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டுகளை அறுத்துவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இதைக் கொஞ்சம் பிடி," என்றாள் நாத்தனாரிடம். மூன்று வாரத்தில் முதல் பேச்சு அதுதான். நாத்தனார் வந்து தடித்த கேபிளை விலக்கிப் பிடித்தாள். மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்ட புது வயர் மறுபக்கமாகப் போயிற்று. பல்லின் துடிப்பாக இருக்க முடியாத அளவுக்குக் குறுகிய துடிப்புகளைத் தள்ளிவிடும்படி கவுண்டரின் அமைப்பையும் மாற்றினாள்.

தண்டு நின்றபோது பூஜ்யம். ஓட்டியபோது ஆயிரத்து நானூற்று நாற்பது. அரை மணி நேரம் அது இம்மியும் நகரவில்லை.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல சார். வயரைச் சேத்துக் கட்டினது நான்தான். தப்பு என்னோடது."

முள்ளு திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்த வாரம் ரெண்டு மோட்டாரை ஒதுக்கி வெச்சோமே?"

"அதையும் மேசையில ஏத்திப் பாக்கணும் சார். இன்னிக்கே."

நாத்தனார் அதற்குள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எதை முதல்ல ஏத்தணும் அண்ணி?"