குடிக்காமல் ஆடினால் குற்றம்

சமுதாயக் கூடத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வெண்மதி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கடலூர் முதுநகர்ப் பையன்களும் பெண்களுமாக ஒரு கூட்டம், மடித்த அட்டைப்பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது. அந்த அட்டைகளைத் தரையில் விரித்து, அவற்றின் மேல்தான் அவர்கள் கையூன்றிச் சுழல்வார்கள், தலைகீழாக நிற்பார்கள். வெறும் சிமெண்டில் சுழன்றால் தோல் உரிந்துவிடும்.

எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் வைத்திலிங்கம். அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு நலச் சங்கத் தலைவர். பூட்டுப் போட்டவரும் அவர்தான். கேட்க ஆள் வரும், பதில் சொல்லலாம் என்றுதான் நாற்காலியும் போட்டிருந்தார்.

"சார், பசங்க வந்து நிக்கிறாங்க. ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல ப்ரோகிராம். சாவி குடுங்க சார்."

"ப்ரோகிராமாவது ஒண்ணாவது! தெனம் டம்மு டம்முன்னு சத்தம். இவனுங்க தலையும் டிரஸ்ஸும் பாத்தாலே தெரியுதே, ரவுடிப் பசங்கன்னு. ஆட்டம் பாட்டம்னு போனா அடுத்து குடிதான். தெருப் பசங்க கெட்டுப் போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"அவுங்க கெட்டுப் போவக் கூடாதுன்னுதான் சார் நான் ஆடவே கூப்புடுறேன்."

"நீ எனக்குச் சொல்லித் தராத. சங்கத்துல முடிவு பண்ணியாச்சு, போம்மா."

சங்கம் என்றால் வேறு யாருமில்லை. அவர், அவருடைய மச்சான் தில்லைநாதன், டீக்கடையில் அன்றைக்கு அகப்பட்ட யாரோ ஒருவர். இந்த மூன்று பேர் தலையாட்டினால் தெருவே தலையாட்டியதாகக் கணக்கு.

வெண்மதிக்கு இது புதிதா என்ன? கடலூரில் இந்தத் தெரு நடனத்தை முதலில் ஆடிக் காட்டியவள் அவள்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போது செல்போனில் வீடியோ பார்த்து, ஏலம் முடிந்து கழுவிவிட்ட மீன் மார்க்கெட் தரையில் தானாகவே கற்றுக்கொண்டாள். பெண்பிள்ளை தலைகீழாக நிற்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று ஊரே பேசியது. அவள் அம்மா ஆரோக்கியம்மாள் பயந்துபோய் சர்ச்சுக்கு அழைத்துப் போய் ஜெபம் பண்ணச் சொன்னாள். பேயும் போகவில்லை, ஆட்டமும் போகவில்லை. இப்போது பக்கத்தில் குடிகாடு என்ற ஊரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாயங்காலம் முழுக்கத் தெருப் பிள்ளைகளோடுதான். அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. குடித்தவன், மாத்திரை போட்டவன் அட்டையில் கால் வைக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தால் பிழைத்தவன் தமிழ்மணி. வயது பத்தொன்பது. துறைமுகத்தில் லோடு ஏற்றப் போய், உடம்பு வலிக்கு என்று குடிக்க ஆரம்பித்து, பிறகு காலையிலேயே குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டிருந்தான். அவன் அம்மா புஷ்பவள்ளி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வெண்மதி முன்னால் நின்று அழுதாள். ஆட வேண்டும் என்ற ஆசையில் பையன் குடியை விட்டான். போன தீபாவளிக்கு விட்டவன், பொங்கலுக்கும் தொடவில்லை, திருவிழாவுக்கும் தொடவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை நடுங்கும். அந்த நேரத்துக்குத்தான் கூடத்தில் பாட்டு ஆரம்பிக்கும்.

அதோடு அவனுக்கு ஒரு வேலையும் கூடி வந்திருந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில் பரதநாட்டியப் பள்ளி நடத்தும் சந்திரலேகா, தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தையும் சொல்லித்தர ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம மேடையில அவன் ஆடட்டும், என் பிள்ளைங்க அப்பா அம்மால்லாம் பாக்கட்டும். புடிச்சிருந்தா மறுநாளே சேந்துக்கட்டும்" என்று சொல்லியிருந்தாள். லோடு ஏற்றாமல், ஆடிச் சம்பாதிக்கும் வேலை. புஷ்பவள்ளி இதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பூட்டு.

ரயில்வே பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போனார்கள். "இது என்ன ஆடுற எடமா?" என்று ரயில்வே போலீஸ்காரர்கள் விரட்டினார்கள். நியாயம்தான். பள்ளிக்கூட வாசலுக்குப் போனார்கள். வாட்ச்மேன் கம்பை எடுத்தார். கடற்கரைக்குப் போனார்கள். மணலில் கையூன்றினால் மணிக்கட்டு வரை புதைகிறது, எங்கே சுழல்வது! கடைசியில் ஒரு தெருமுனையில் அட்டையை விரித்தார்கள். அங்கேயும் ஒரு அம்மா, துவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து சரியாக அட்டை மேலேயே ஊற்றினாள். தெருவில் மாடு படுக்கலாம், கட்சிக்காரன் பந்தல் போடலாம், கல்யாணத்துக்கு வாழைமரம் நடலாம். இந்தப் பிள்ளைகள் ஆட மட்டும் கடலூரில் கையகல இடம் இல்லை. என்னத்தைச் சொல்லி அழ?

சனிக்கிழமை விடியற்காலை வைத்திலிங்கத்தின் அப்பா காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் மடியில் வைத்துப் பார்த்தவர். இந்தப் பக்கத்தில் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். அழுகை குறைவு, மேளம் ஜாஸ்தி. பறை, பேண்டு, வெடி, பூப்பல்லக்கு எல்லாம் வந்தன. பல்லக்குக்கு முன்னால் இளவட்டங்கள் ஆட வேண்டும்; ஆடாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை. ஆடுகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சாவு வீட்டுக்காரருக்கு மரியாதை இல்லை. ஊர் வழக்கம் இப்படித்தான் இருக்கிறது.

தில்லைநாதன் நேரே தமிழ்மணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாடா மணி. பெரியவர் பயணத்துக்கு நீதான் முன்னாடி நின்னு ஆடணும்."

"நாளைக்கு ப்ரோகிராம் இருக்கு மாமா. வெண்மதிக்கா வேற ஷிஃப்டுக்குப் போயிருக்கு."

"அடேய், சாவுக்கு ஆடாதவன் என்னடா ஆட்டக்காரன்? நாளைக்கு உன் வீட்டுல ஒண்ணு நடந்தா தெரு வர வேணாமா?"

அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக எந்தப் பையனால் நிற்க முடியும்? ஆடிவிட்டு வந்துவிடலாம், குடிக்க மட்டும் வேண்டாம் என்று நினைத்துத்தான் போனான். கலர் சோடா பாட்டிலில் பிராந்தி கலந்து வந்ததை முதலில் தள்ளினான். மறுபடியும் வந்தது, மறுபடியும் தள்ளினான். ஒரு வாரமாகச் சாயங்காலங்களில் ஆட இடமில்லாமல், நடுங்கும் கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரிந்தவன் அவன்.

அப்போது பந்தலுக்குள்ளிருந்து வைத்திலிங்கமே சொன்னார். "தள்ளுறான்னா வுட்டுடுவியா மச்சான்? ஜாஸ்தி ஊத்திக் குடு. அப்பதான் ஆட்டம் சூடு புடிக்கும். எங்கப்பா போற பயணம்டா, நாலு பேரு பாக்கணும்."

மூன்றாவது முறை வந்தபோது தமிழ்மணி வாங்கிக்கொண்டான்.

ஊர்வலம் தெருமுனையைத் திரும்பும்போது அவன் நடுரோட்டில் தலைகீழாக நின்றான். கூட்டம் விசிலடித்தது. வெடிச்சத்தம் கேட்டதும் கை மடங்கியது. நிதானத்தில் இருந்திருந்தால் தோளில் உருண்டு எழுந்திருப்பான். போதையில் அப்படியே வாய்க்கால் ஓரத்துக் கல் மேல் விழுந்தான். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் பறை அடித்தவருக்குக்கூடக் கேட்டது. மேளம் நின்றது.

அந்த நேரத்துக்குத்தான் கம்பெனி பஸ் வெண்மதியை அங்கே இறக்கிவிட்டது. யூனிஃபார்மோடு ஓடிவந்து அவனைத் தூக்கினாள். வாயருகே போனதும் வாடை அடித்தது. "வேணாம்னுதான்க்கா தள்ளுனேன். வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயி ஊத்திக் குடுத்தாங்க" என்று முனகினான்.

கையில் கொள்ளிச்சட்டியோடு நின்ற வைத்திலிங்கம் முகத்தைச் சுளித்தார். "பாத்தியா உன் சிஷ்யப் புள்ளைய? குடிகாரப் பய. இதுக்குத்தான் நான் அன்னிக்கே கூடத்தப் பூட்டினேன். எங்கப்பா சாவுல வந்து அசிங்கம் பண்ணிட்டான்."

வெண்மதி எழுந்து நின்றாள். சாவு வீடு, பெரியவர், மரியாதை என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று.

"யாரு சார் அசிங்கம் பண்ணது? தீவாளிலேர்ந்து ஒரு சொட்டு தொடாம இருந்தான் சார் இவன்! குடிக்காம ஆடுனப்ப குத்தம்னு கதவ சாத்துனீங்க. குடிச்சிட்டு ஆடுனா மரியாதைன்னு வீடு தேடிவந்து ஊத்திக் குடுத்தீங்க. புள்ளைங்கள கெடுக்குறது ஆட்டமா சார், நீங்களா?"

தில்லைநாதன் கையிலிருந்த கலர் பாட்டிலை வேட்டி மடிப்புக்குள் மறைக்கப் பார்த்தார். மறைக்கிற அளவுக்கு அது சின்னப் பாட்டில் இல்லை. வைத்திலிங்கம் அந்தப் பாட்டிலையும் பார்த்தார், பையனின் தொங்கும் கையையும் பார்த்தார். ஆட்டோ வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் பல்லக்கு நகர்ந்தது. சுடுகாடு வரைக்கும் யாரும் ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் சிதம்பரம் போய் ஆடிவிட்டு வந்தார்கள். வெண்மதி சந்திரலேகாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "கட்டுப் பிரிக்கவே மாசக்கணக்குல ஆவுமேம்மா. எனக்கு இந்த மாசமே கிளாஸ் தொடங்கணும்" என்று சந்திரலேகா வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. புஷ்பவள்ளி அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கருமாதி முடிந்ததும் வைத்திலிங்கம் முதல் காரியமாகக் கூடத்தைத் திறந்துவிடச் சொன்னார். அடுத்த நாள் ஒரு பையில் ஆப்பிளோடு தமிழ்மணி வீட்டுக்கு வந்தார். தில்லைநாதனையும் இழுத்து வந்திருந்தார். வெண்மதி உள்ளே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி பையை வாங்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை.

"கூடத்தத் தொறந்தாச்சுப்பா" என்றார் வைத்திலிங்கம்.

தமிழ்மணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது.

"அடுத்த சாவுக்கு யார சார் கூப்புடுவீங்க?"

தில்லைநாதன், "என்ன பேச்சுடா இது, பெரியவுங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார். வைத்திலிங்கம் அவரைக் கையமர்த்தினார்.

"சும்மா இரு மச்சான், அவன் கேக்குறது சரிதான். ஊத்தச் சொன்னது நான்தான். அத இந்தத் தெருவுல எங்க வேணாலும் சொல்றேன். புள்ளைங்க நல்லா இருக்க ஒரு எடம் கேட்டா குடுக்காத ஊருக்கு, அவன் விழும்போது குடிகாரன்னு சொல்ல வாய் கெடையாது."