வெளுத்த அண்டா

ராசப்பனுக்கு மூளை சும்மா இருக்காது, அதுதான் வினை. மட்டாஞ்சேரியில் தேயிலை கட்டும் கிடங்கிலிருந்து கழிவு உறைகளை அள்ளி வருவான். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிக்கொண்ட உறைகள். பிரித்துக் கொடுக்காவிட்டால் பழைய சாமான் கடை வர்க்கி தொடவே மாட்டார். நகத்தால் உரித்து அலுத்துப்போனவன், சோப்புக் காய்ச்சுகிறவரிடம் காஸ்டிக் சோடா வாங்கினான். ஊறப்போடப் பெரிய பாத்திரம் வேண்டுமே? வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாகப் புளுகி, தமிழர் தெரு மாரியம்மன் கோயில் அண்டாவைப் பொறுப்பாளர் அழகரிடம் இரவல் கேட்டு, கிடங்கின் பின்புறம் கொண்டுபோனான்.

மூன்று நாள் நுரைத்துப் பொங்கியது. நாலாம் நாள் கழுவித் திருப்பிக் கொடுத்தான். உள்பக்கம் வெளுத்திருந்ததைப் பார்த்து, "புளி போட்டுத் தேய்ச்சியா மாப்ள?" என்று அழகர் மெச்சினார். ராசப்பன் வெட்கமில்லாமல் தலையாட்டினான்.

மறுநாள் காலை தோப்பும்படிக் கடையில், ராசப்பன் கொண்டுவந்த மூட்டையை வர்க்கி அவிழ்த்தார். வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது.

"அலுமினியம் எவிடெ?"

"அடியில தங்கும்னு பாத்தேன் சேட்டா. ஒண்ணுமே இல்ல."

"காஸ்டிக்கில் இட்டோ? அது அலுமினியம் முழுக்கத் தின்னும்!"

அண்டாவும் அலுமினியம்.

அன்றைக்குத்தான் கோயிலில் அந்த அண்டாவில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் தணிந்ததற்காக ராசப்பன் மனைவி மூக்கம்மாளின் நேர்த்திக்கடன், கிண்டுவதும் அவள்தான். பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓடினான்.

கூழ் கொதித்து முடிந்திருந்தது. நாலு பேர் அண்டா வளையங்களில் கம்பு கொடுத்துத் தூக்கப்போனார்கள். மூக்கம்மாள் வெறுங்காலோடு பக்கத்திலேயே நின்றாள். உண்மையைச் சொல்லாமல் இதை நிறுத்த வழியுண்டா என்று ஒரு கணம் யோசித்தான். அந்தக் கணத்துக்காக வெகுநாள் தன்னையே வெறுத்தான்.

"தூக்காதீக! அடி அரிச்சிருக்கும். நான் அதுல காஸ்டிக் ஊத்திக் குப்பைய ஊறப்போட்டேன்!"

யாரும் அவனை அடிக்கவில்லை. தீயை அணைத்து, கூழை வாளி வாளியாக மொண்டு சாக்கடையில் கொட்டினார்கள். தூக்குச்சட்டியோடு வந்த சனம் வெறுங்கையோடு திரும்பியது.

காலி அண்டாவை மூக்கம்மாள் கவிழ்த்து, அகப்பைக் காம்பால் அடியைத் தட்டினாள். காம்பு உள்ளே போய்விட்டது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"நேத்தே வாயத் தொறந்திருந்தா வேற அண்டா வச்சிருப்போம்ல," என்றாள். "இப்ப ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ராசப்பனும் அவள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.